மஸ்டாங்கின் பின் ஆக்சில்: மாற்றுவதா, இருப்பதைச் சரிசெய்வதா?

பழைய ஃபோர்டு மஸ்டாங் கார் வாங்கியவர்கள் ஆறு மாதத்துக்குள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு. "பின்னாடி சாலிட் ஆக்சில்தான் இருக்கு, கழற்றிவிட்டு ஐஆர்எஸ் போட்டுவிடலாமா?" ஐஆர்எஸ் என்றால் இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு. அது ஏற்கெனவே உள்ள 2003 கோப்ரா (மஸ்டாங்கின் வேகப் பதிப்பு) வைத்திருப்பவர்கள் இதையே தலைகீழாகக் கேட்பார்கள்: ஐஆர்எஸ்ஸைக் கழற்றிவிட்டு சாலிட் ஆக்சில் போட்டால் நேர்கோட்டு கார் பந்தயத்தில் நிம்மதியாக இருக்குமா என்று. இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஆக்சிலைக் குறை சொல்வதற்கு முன்னால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பிகளையும், அவற்றின் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களையும் பாருங்கள். நீங்கள் வெறுக்கிற நடத்தையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது, அதைச் சரிசெய்ய ஆகும் செலவு முழு ஆக்சிலை மாற்றுவதில் சிறு பங்குதான்.

முதலில் உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். லாரிக்குப் பின்னால் போகும்போது, பின் சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி ஒரு உருண்டையும், அதிலிருந்து இரண்டு பக்கமும் சக்கரம் வரைக்கும் நீளும் கனமான குழாயும் தெரியும் அல்லவா, அதுதான் சாலிட் ஆக்சில். இரண்டு சக்கரமும், டிஃபரன்ஷியலும் (எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் அந்த உருண்டை), குழாய்களும் ஒரே துண்டு. ஒரு சக்கரம் ஏறினால் எல்லாம் சேர்ந்து சாயும். ஐஆர்எஸ்ஸில் டிஃபரன்ஷியல் வண்டியின் உடலோடு, சப்ஃபிரேம் என்ற தனிச் சட்டத்தில் மாட்டியிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் ரப்பர் உறை போட்ட சிறிய ஷாஃப்ட்கள் சக்கரத்துக்குப் போகும், ஒவ்வொரு சக்கரமும் தன் பாட்டுக்கு ஏறி இறங்கும்.

மஸ்டாங்கில் ஆண்டைச் சொன்னாலே கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். 1964 ஏப்ரலில் வெளிவந்ததிலிருந்து 1978 வரை பட்டை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த சாலிட் ஆக்சில். 1979-லிருந்து 2004 வரை சுருள் ஸ்பிரிங்கும் நான்கு கைகளும் (ஆக்சிலை உடலோடு இணைக்கும் கம்பிகள்) பிடித்த சாலிட் ஆக்சில். இதற்குள் விதிவிலக்கு 1999, 2001, 2003, 2004 எஸ்விடி (ஃபோர்டின் வேகக் கார் பிரிவு) கோப்ராக்களும் 2000 கோப்ரா ஆரும். அவற்றில் ஐஆர்எஸ் உண்டு. 2005-லிருந்து 2014 வரை மறுபடியும் எல்லாவற்றிலும் சாலிட் ஆக்சில், ஆனால் இந்த முறை மூன்று கையும், ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு பேன்ஹார்ட் கம்பியும். 2015-லிருந்து எல்லா மஸ்டாங்கிலும் ஐஆர்எஸ்.

இப்போது இரண்டும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது. கேம்பர் (சக்கரம் நேராக நிற்காமல் உள்ளேயோ வெளியேயோ சாய்வது), எடை எல்லாம் எல்லோரும் பேசுவதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலிட் ஆக்சிலில் இடது சக்கரம் குழியில் விழுந்தால் வலது சக்கரமும் சாயும், அதனால் வளைவில் ஒரு மேடு வந்தால் வண்டியின் பின்புறம் அரை அடி பக்கவாட்டில் துள்ளியது போல இருக்கும். அது தவிர, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையும் அதிகம், டிஃபரன்ஷியலே சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிறது. நல்ல பக்கமும் உண்டு. வண்டி வளைவில் எவ்வளவு சாய்ந்தாலும் டயர் ரோட்டில் தட்டையாகவே நிற்கும், ஏனென்றால் ஆக்சில் வண்டியோடு சாய்வதில்லை. பின்புறம் அழுந்திப் புறப்படும்போதும் அப்படியே. ஐஆர்எஸ்ஸில் பின்புறம் அழுந்தினால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும், டயரின் உள்விளிம்பில் எடை போகும். அகலமான டயர் போட்டு நேர்கோட்டில் ஓடுபவர்களுக்கு இது வலிக்கும்.

ஆனால் பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம். எஞ்சின் சக்தியைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆக்சிலை முறுக்குகிறது. 2005 மஸ்டாங் ஜிடியின் எஞ்சின் 320 பவுண்டு-அடி முறுக்குவிசை தரும். முதல் கியரில் அது மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருகி, ஆயிரம் பவுண்டு-அடியைத் தாண்டி ஷாஃப்ட்டில் வருகிறது. பின்னால் நின்று பார்த்தால் ஷாஃப்ட் இடப்புறமாகச் சுழலும். அந்த முறுக்கு சாலிட் ஆக்சிலையே அதே பக்கம் திருப்பப் பார்க்கும்: இடது டயர் ரோட்டில் அழுந்தும், வலது டயர் லேசாகும். எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) தேய்ந்துபோன பழைய மஸ்டாங் வலது சக்கரத்தை மட்டும் சுழற்றி ஒற்றைக் கோடு போடுவது இதனால்தான். ஐஆர்எஸ்ஸில் டிஃபரன்ஷியல் வண்டியின் உடலில் மாட்டியிருப்பதால் எஞ்சின் உடலை ஒரு பக்கம் திருப்ப, டிஃபரன்ஷியல் எதிர்ப்பக்கம் திருப்ப, இரண்டும் உடலுக்குள்ளேயே கழிந்துபோகும். சக்கரங்களுக்கு அந்தச் செய்தியே போகாது.

சரி, அப்படியானால் ஐஆர்எஸ்தானே மேல் என்று தோன்றும். எதற்கு ஓட்டுகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் இதற்குப் பதில் இல்லை.

நேர்கோட்டு ஓட்டப்பந்தயம் என்றால் சாலிட் ஆக்சில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சாலையில் ஓடும் கமாரோவில் 2010-லிருந்து ஐஆர்எஸ்தான், ஆனாலும் 2012-ல் செவ்ரலே ஓட்டப்பந்தயத்துக்கென்றே கட்டிய கோப்போ கமாரோவில் அதை எடுத்துவிட்டு சாலிட் ஆக்சில் வைத்தார்கள். ஃபோர்டும் 2016 கோப்ரா ஜெட் என்ற பந்தய மஸ்டாங்கில் அதையே செய்தது. 2003 கோப்ரா வாங்கிய பலர் ஐஆர்எஸ்ஸைக் கழற்றியதும் இதே காரணத்துக்காக. இருந்தாலும் இது விதி கிடையாது. 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன் ஐஆர்எஸ்ஸோடு, 840 குதிரைத்திறனோடு கால் மைலை 9.65 வினாடியில் ஓடியது. 2023 டீமன் 170, அதே அமைப்போடு 8.91 வினாடிக்கு வந்தது. ஆக, ஐஆர்எஸ்ஸால் புறப்பட முடியாது என்பதில்லை, அந்த வேலைக்கென்று தடிமனான ஷாஃப்ட்டும் இறுக்கமான புஷ்ஷும் வைத்துக் கட்டப்பட்டால் நன்றாகவே புறப்படும்.

வளைவுகள் உள்ள பந்தயத்தளத்தில் தளம் மேடுபள்ளமில்லாமல் இருந்தால் சாலிட் ஆக்சில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2012 பாஸ் 302 நல்ல சாட்சி. 444 குதிரைத்திறன், சாலிட் ஆக்சில், பிஎம்டபிள்யூ எம்3-ஐக் குறிவைத்துக் கட்டியது. பின் ஷாக் அப்சார்பரை டிக்கிக்குள்ளிருந்தே தட்டை ஸ்குரூடிரைவரால் ஐந்து நிலைகளில் இறுக்கவும் தளர்த்தவும் முடியும். அந்த வண்டியை ஓட்டியவர்களுக்குத் தெரியும், நன்றாகப் பிடித்து வைத்த சாலிட் ஆக்சில் எப்படி நம்பிக்கை தரும் என்று. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் முதன்மையான கப் தொடரும் 2021 வரை சாலிட் ஆக்சிலில்தான் ஓடியது, 2022-ல்தான் ஐஆர்எஸ்ஸுக்கு வந்தது.

தினமும் ஓட்டும் சாலை, அதிலும் பனி உருகிக் குழியெடுத்த அமெரிக்க வடக்கு மாநிலச் சாலை என்றால் பேச்சே வேண்டாம், ஐஆர்எஸ்தான். மழையில் வளைவில் ஒரு பாலத்தின் இணைப்புக் கம்பி மேல் ஏறும்போது அந்த வித்தியாசம் முதுகில் தெரியும். சாலை அனுபவம்தான் உங்களுக்கு முக்கியம், இன்னும் வண்டி வாங்கவில்லை என்றால், சாலிட் ஆக்சில் வண்டியை வாங்கி மாற்றுவதைவிட 2015-க்குப் பிந்தைய வண்டியைத் தேடுங்கள். காசும் மிச்சம், தலைவலியும் மிச்சம்.

சாலிட் ஆக்சில் வைத்திருப்பவர்களுக்கு

செலவு செய்வதற்கு முன் எல்எஸ்டி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் குழாய்களுக்குக் கீழே ஸ்டாண்ட் வைத்து (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் போகாதீர்கள்), கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் அதே திசையில் சுற்றினால் எல்எஸ்டிக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் பிடிக்கின்றன. எதிர்த் திசையில் சுற்றினால் உங்கள் வண்டியில் எல்எஸ்டி இல்லை, அல்லது இருந்து தேய்ந்துவிட்டது. மஸ்டாங்கின் எல்எஸ்டியான டிராக்ஷன்-லாக்குக்கு வெறும் கியர் ஆயில் போதாது, ஃபிரிக்ஷன் மாடிஃபையர் என்ற கலவையையும் ஆயிலோடு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் மெதுவாகத் திருப்பும்போது பின்னால் கடகடவென்று நடுங்கும். ஆயிலை மட்டும் மாற்றி இந்த நடுக்கத்தைப் போக்கியவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது புஷ்கள். கீழ்க் கைகளின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பரை டார்ச் அடித்துப் பாருங்கள், வெடிப்பும் நடுவில் உள்ள இரும்புக் குழாய் ஒரு பக்கம் ஒதுங்கியிருப்பதும் தெரிந்தால் அதுதான் உங்கள் சக்கரத் துள்ளலின் காரணம். சக்கரத் துள்ளல் என்பது புறப்படும்போது பின்புறம் டகடகவென்று குதிப்பது: டயர் பிடிக்கிறது, புஷ் நசுங்கி ஆக்சில் முறுக்கிக்கொள்கிறது, டயர் வழுக்குகிறது, ஆக்சில் திரும்பி அடிக்கிறது, மறுபடியும் பிடிக்கிறது. நொடிக்குப் பலமுறை நடக்கும். வந்தவுடன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். தொடர்ந்து மிதித்தால் பல்சக்கரமோ ஷாஃப்ட்டோ போய்விடும். இதைச் சோதிப்பதும் பந்தயத்தளத்தில்தான், தெருவில் வேண்டாம்.

1979 முதல் 2004 வரையான நான்கு கை வண்டியில் ஒரு பொறி இருக்கிறது. கீழ்க் கைகளுக்குக் கெட்டியான பாலியூரிதேன் புஷ் போட்டு நன்றாக இருந்ததும், மேல் கைகளுக்கும் அதையே போட்டுவிடுவார்கள். மேல் கைகள் கோணலாக, ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து நிற்பவை. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடிப்பதே அவைதான். வளைவில் வண்டி சாயும்போது அந்தக் கைகள் முறுக வேண்டும், ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும், பாலியூரிதேன் கொடுக்காது. எல்லாம் இறுகிக்கொள்ளும், ஒரு கட்டத்தில் பின்புறம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வீசும். எனவே மேல் கைகளில் ரப்பரையே புதிதாகப் போடுங்கள். வளைவுகளில் ஓட்டுபவர் என்றால் தனியாக ஒரு பேன்ஹார்ட் கம்பி வைத்துப் பக்கவாட்டுப் பிடிப்பை அதற்கு ஒப்படைப்பது நல்லது. இந்த வண்டிகளில், முக்கியமாக 1993 வரையானவற்றில், கைகள் உடலோடு சேரும் டார்க் பாக்ஸ் எனப்படும் தகரப் பெட்டியையும் பாருங்கள். வெல்டு விட்டிருந்தாலோ தகரம் கிழிந்திருந்தாலோ மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அதை வெல்டு வைத்துப் பலப்படுத்துங்கள்.

2005-14 வண்டி என்றால் நான் கவனிக்கச் சொல்வது உயரத்தைக் குறைத்த வண்டிகளை. ஸ்பிரிங் மாற்றி ஓர் அங்குலம் தாழ்த்தியதும் இரண்டு விஷயம் கெடும். ஒன்று, பேன்ஹார்ட் கம்பி ஒரு முனையில் உடலிலும் மறுமுனையில் ஆக்சிலிலும் மாட்டியிருக்கிறது. அதன் நீளம் மாறாது, கோணம் மட்டும் மாறுகிறது, அதனால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஃபெண்டர் விளிம்பிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயர் பக்கத்துக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நீளம் மாற்றக்கூடிய பேன்ஹார்ட் கம்பி வாங்கி, வித்தியாசத்தில் பாதி அளவுக்கு ஆக்சிலை நகர்த்தினால் நடுவில் வந்துவிடும்.

இரண்டாவது விஷயம் கீழ்க் கைகளின் சாய்வு. பக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்தக் கையின் முன்முனை பின்முனையைவிடக் கொஞ்சம் உயரமாக, குறைந்தது சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் புறப்படும் தள்ளுவிசை வண்டியின் பின்புறத்தைத் தூக்கிப் பிடித்து டயரைக் கீழே அழுத்தும். வண்டியைத் தாழ்த்தும்போது முன்முனை உடலோடு சேர்ந்து கீழே வந்துவிடும், சாய்வு தலைகீழாகும், வண்டி பின்னால் உட்காரும், துள்ளும். இதற்கென்றே ஆக்சில் பக்கத்து முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட்டுகள் விற்கிறார்கள். விலை குறைவு, வேலையும் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். தாழ்த்திய 2005-14 வண்டிக்கு இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியாது.

பினியன் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியல் பல்சக்கரம்) நிற்கும் கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் முறுக்கும்போது பினியனின் மூக்கு மேலே தூக்கும், அதனால் நிற்கும்போது அது ஒன்றிரண்டு டிகிரி கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். ரப்பர் புஷ் என்றால் இன்னும் கொஞ்சம் கூட, பட்டை ஸ்பிரிங் என்றால் அதைவிடவும் கூட. காந்தம் வைத்த கோணமானி ஒன்றும், நீளம் மாற்றக்கூடிய மேல் கையும் இருந்தால் நீங்களே செய்யலாம். அறுபது மைல் வேகத்தில் தரை அதிர்கிறது என்று டயரை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இதையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

1960-களின் பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு இந்தக் கைகள் எதுவும் இல்லை, ஸ்பிரிங்கேதான் ஆக்சிலைப் பிடிக்கிறது. பலமாக மிதித்தால் பட்டை எஸ் எழுத்தைப் போல வளையும், அதுதான் அங்கே துள்ளல். அந்தக் காலத்திலேயே ஃபோர்டு கையாண்ட வழி, 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கில் ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் மாட்டியது. இன்று டிராக்ஷன் பார் என்ற கம்பிகள் அதே வேலையைச் செய்கின்றன.

ஐஆர்எஸ் வைத்திருப்பவர்களுக்கு

2015-க்குப் பிந்தைய வண்டியிலும் சக்கரத் துள்ளல் வரும், அதைக் கேட்டு ஆச்சரியப்படுபவர்கள் உண்டு. இங்கே முறுக்கிக்கொள்வது ஆக்சில் இல்லை, மொத்த சப்ஃபிரேமும்தான். சப்தம் உள்ளே வராமல் இருக்க, அதை உடலோடு மாட்டும் புஷ்களும் டிஃபரன்ஷியலின் புஷ்களும் மெத்தென்று இருக்கின்றன. முழு புஷ்ஷையும் அலுமினியமாக மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் சப்ஃபிரேமின் ஆட்டத்தை மட்டும் நிறுத்தும் பிரேஸ்களையும், புஷ்ஷின் இடைவெளியை நிரப்பும் செருகுகளையும் போட்டுப் பாருங்கள். சாலை வண்டிக்கு அது போதும். அலுமினியம் போட்டால் டிஃபரன்ஷியலின் ஊளைச் சத்தம் முழுவதும் காதுக்கு வரும், நீண்ட பயணத்தில் சோர்ந்துவிடுவீர்கள்.

ஷாஃப்ட்களின் ரப்பர் உறையைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருந்தால் உடனே உறையை மாற்றினால் ஜாயிண்ட் பிழைக்கும், தள்ளிப்போட்டால் ஷாஃப்ட்டே மாற்ற வேண்டி வரும். அப்புறம் அலைன்மெண்ட்: சாலிட் ஆக்சிலில் பின்பக்கம் அலைன்மெண்ட் என்று திருப்ப ஒன்றும் கிடையாது, இங்கே உண்டு, அது வரமும்தான் சுமையும்தான். பின்சக்கரங்கள் மிகக் கொஞ்சம் உள்ளே பார்க்க வேண்டும். வெளியே பார்க்கும்படி விட்டால் நெடுஞ்சாலையில் லேன் மாற்றும்போது பின்புறம் தனியாக வழிகாட்ட ஆரம்பித்துவிடும். கேம்பர் சாலைக்கு மைனஸ் ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி, பந்தயத்தளத்துக்கு இரண்டு வரை. நேர்கோட்டில் மட்டும் ஓடுபவர்கள் பூஜ்யத்துக்குப் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், அழுந்தும்போது தானாகவே மைனஸ் வந்துவிடும்.

மாற்றியே தீருவேன் என்றால்

முடியாத வேலை இல்லை. கோப்ராவின் ஐஆர்எஸ், சாலிட் ஆக்சில் மாட்டும் அதே இடங்களிலேயே மாட்டும்படி வடிவமைக்கப்பட்டது, அதனால் 1979-2004 வண்டிகளுக்கு அது கிட்டத்தட்ட வெட்டாமல் பொருந்தும். வாங்கும்போது எந்த வருடத்துடையது என்று கேளுங்கள்: 1999, 2001 ஷாஃப்ட்களில் 28 பற்கள், 2003-04-ல் 31 பற்கள், பின்னதுதான் வலுவானது. 1993 வரையான உடலில் அது அகலமாக இருப்பதால் டயர் ஃபெண்டரை உரசும், வேறு ஆஃப்செட் உள்ள, அதாவது இன்னும் உள்ளே தள்ளி நிற்கும் வீல் தேவை. பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், சைலன்சர் குழாய் போகும் வழி, இவையெல்லாம் மாறும். விலை கேட்கும்போது ஐஆர்எஸ்ஸுக்கு மட்டும் கேட்காமல் இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள், அங்கேதான் பலரின் வேலை பாதியில் நின்று வண்டி மாதக்கணக்கில் ஸ்டாண்டில் கிடக்கிறது.

கோப்ராவிலிருந்து சாலிட் ஆக்சிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: கழற்றிய ஐஆர்எஸ்ஸை விற்றுவிடாதீர்கள். துடைத்து, ஆயில் போட்டு, கராஜின் மூலையில் வையுங்கள். அந்த வண்டியின் அடையாளமே அதுதான், நாளைக்கு வாங்க வருபவர் அதைத்தான் முதலில் கேட்பார்.

எந்த வேலை செய்தாலும், ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் காற்றில் தொங்கும்போது இறுக்காதீர்கள். அப்படி இறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே நிற்கும், ஒரு வருடத்தில் கிழிந்துவிடும். கையால் சேர்த்து வைத்துவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு. நூறு மைல் ஓட்டிவிட்டு வந்து அடியில் டார்ச் அடியுங்கள். கோடு உடைந்து நிற்கும் இடத்தில் மட்டும் மறுபடி ரெஞ்சைப் போட்டால் போதும்.